லூர்து தம்பியும், நான் மூன்று என்று எழுதிய நிமிடமும்

இங்கே வளைகுடாவில், சத்வாவில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் பேத்தி ஷரோனின் யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் நர்ஸ். டூட்டி நேரத்தில் போனைத் தொடமாட்டாள்.

"அம்மா, உக்காந்திருக்கியளா?" என்று கேட்டாள். "லூர்து அண்ணன் போயிட்டாவளாம். சலாலாவுல. காலைல டூட்டிக்குக் கெளம்பி, ஷூ மாட்டக் குனிஞ்சவங்க அப்படியே கட்டில்ல சாஞ்சிட்டாவளாம்."

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "க்யா ஹுவா, அம்மாஜி?" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில், "மேரா பாய்" (என் தம்பி) என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் குளிர்ந்த தண்ணீர் வாங்கிவந்து கையில் கொடுத்தார். தைத்ததற்குக் காசு வாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன். லூர்து என் கூடப் பிறந்தவர் இல்லை, சொந்தமும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கடற்கரையோடு நடந்தால் ஒரு காலைப் பொழுதில் அவர் ஊருக்குப் போய்விடலாம், ஆனால் அங்கே இருந்த காலத்தில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் தெரியாத பாஷையில் வாயில் வந்த சொல் அதுதான்.

அவருக்காக நம் ஆட்கள் கூடி ஜெபித்த அன்று, தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தாருங்கள், நினைவு மலரில் போடுகிறோம் என்று சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஷரோன் எழுதட்டும் என்றேன். அவள், "ஆச்சி, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். நீங்க எழுதுங்க, நான் டைப் பண்ண ஆள் பாக்குறேன்" என்றாள். விமானம் ஓட்டும் பிள்ளை அவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளைவிடக் கூடப் படித்தவள். அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் படகு எஞ்சின் லூர்து. தம்மாமில் பல வருடம், பிறகு இங்கே கடற்கரைப் பட்டறை ஒன்றில், கடைசியாக சலாலாவில். பூசையில் கடைசி வரிசையில் நிற்பார். பிரசங்கம் ஆரம்பித்ததும் நைசாக வெளியே போய், பார்க்கிங்கில் யாருடைய காரின் பானெட்டையாவது திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். கோபக்காரர். ஒரு தடவை ஸ்பேனரை விட்டெறிந்து பட்டறையின் தகரச் சுவரில் ஓட்டை போட்டார், அதை அவரே ஒரு சோடா டின்னை வெட்டி அடைத்தார். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். நான் எழுத வந்தது உங்களுக்குத் தெரியாத ஒன்றை.

என் மருமகன் ஸ்டீபன் விமான நிலையத்தில் டெக்னீஷியன். பெரிய விமானங்களின் சக்கரம், பிரேக் எல்லாம் பார்ப்பவர். அவர் நான்கு வருடமாக லீவு நாளெல்லாம் ஒரு சின்ன விமானத்தைத் தானே கட்டினார். பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. இரண்டு பேர் உட்காரலாம். பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்கென்று கடலோரத்தில் ஓர் ஓடுபாதை இருக்கிறது, அதன் ஓரத்து ஷெட்டில் வைத்துக் கட்டினார். விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் வாங்க நம்மால் ஆகாது. இப்படிக் கட்டுகிறவர்கள் சிலர் கார் எஞ்சினை மாற்றியமைத்துப் பூட்டிக்கொள்வார்களாம். ஸ்டீபனும் மோதி நசுங்கிய ஒரு ஜப்பான் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி வாங்கிவந்தார். அதைத் தயார் செய்ய நல்ல கை தேடியபோது லூர்து தம்பி வந்தார்.

வந்த அன்று எஞ்சினைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு ஸ்டீபனிடம், "காரு நின்னா ரோட்டோரமா ஒதுக்கலாம். படகு நின்னா நங்கூரத்தப் போடலாம். இது நின்னா என்ன செய்வ?" என்று கேட்டார்.

"நிக்காம பாத்துக்கணும்ணே."

"அப்போ அதான் வேலை. மிச்சமெல்லாம் பெயின்ட் அடிக்கிற மாதிரி" என்றார்.

கட்டுவது அப்பா, ஓட்டுவது மகள் என்று முதலிலேயே பேச்சு. ஸ்டீபனுக்கு ஓட்ட லைசென்ஸ் கிடையாது, ஷரோனுக்கு இருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பால்கனியில் நின்று இறங்குகிற விமானங்களை எண்ணுவாள். நான் சோறூட்டியதே அந்தக் கணக்கில்தான், ஒரு விமானத்துக்கு ஒரு வாய். வெள்ளிக்கிழமைகளில் விமானம் குறைவாக வந்தால் அவள் அரை வயிற்றோடு தூங்குவாள். அப்படி வளர்த்த பிள்ளை, ஒரு பழைய காரின் எஞ்சினை நம்பி மேலே போகப்போகிறாள் என்றபோது பெருமை ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாக இருந்தது.

லூர்து தம்பி என்னை இந்த வேலையில் சேர்த்தது ஒரு லீவு நாள் மத்தியானம். எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவர், சமையலறை வாசலில் நின்று ஸ்டீபனோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குக்கர் அடுப்பைக் குறைத்தேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "எக்கா, இன்னும் விசில் வரலியே, ஏன் கொறச்சிய?" என்றார்.

"வரப்போகுது தம்பி. சத்தம் மாறிட்டுல்லா."

சொல்லி முடிக்கும்முன் விசில் வந்தது. அவர் ஸ்டீபன் பக்கம் திரும்பி, "ஆளு கெடச்சிட்டு" என்றார்.

அது என்ன ஆள் என்று அப்புறம் விளக்கினார். எஞ்சினுக்குப் பெட்ரோல் சும்மா ஒழுகிப் போகாது. ஒரு பம்ப் அதை விடாமல் தள்ள வேண்டும். தள்ளுகிற அழுத்தம் மூன்று என்கிற எண்ணில் நிற்க வேண்டும். இரண்டரைக்குக் கீழே வந்தால் எஞ்சின் இருமும். இரண்டுக்கும் கீழே போய் அங்கேயே நின்றால் எஞ்சின் அணைந்துவிடும். எஞ்சின் குடித்தது போக மிச்சப் பெட்ரோல் சூடாகி, சுற்றிக்கொண்டு டாங்கிக்கே திரும்பும். விமானத்தில் இதையெல்லாம் காட்ட ஒரு டிவி மாதிரி ஸ்கிரீன் இருந்தது, அதில் எண்கள் பச்சையாக எரியும். ஆனால் லூர்து தம்பி அது போதாது என்று படகுப் பட்டறையிலிருந்து முள் வைத்த வட்ட மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்கிரீனுக்குக் கீழே தகடு அடித்துப் பூட்டினார்.

ஸ்டீபனுக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, புது ஸ்கிரீன் இருக்கு. எதுக்குண்ணே இந்தப் பழங்காலத்து மீட்டரு? பாக்க அசிங்கமா இருக்கு."

"ஒன் ஸ்கிரீனு நாலு தடவ பாத்து, கூட்டி வகுத்து, சராசரியச் சொல்லும். முள்ளுக்கு வகுக்கத் தெரியாது. ஆடுனா ஆடுனதுதான்."

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் விமானத்தின் வாலைக் கயிறு போட்டு ஒரு பிக்கப் வண்டியோடு கட்டிவிடுவார்கள். இடது சீட்டில் ஸ்டீபன். வெளியே தீயணைக்கும் சிலிண்டரோடு லூர்து தம்பி. வலது சீட்டில் நான், காதில் ஹெட்செட், மடியில் நோட்டு. நிமிடத்துக்கு ஒரு தடவை முள் எங்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். ஷரோன்தான் ஓட்டப்போகிறாள், அவளே பார்க்கலாமே என்று கேட்டேன். "ஓட்டுற பிள்ள நூறு பாக்கணும் எக்கா. ஒண்ண மட்டும் பாக்க ஒரு ஆளு வேணும். நீங்க சும்மாதான இருக்கிய" என்றார். சும்மா இருக்கிறேன் என்று அவர் சொன்னதற்கு, வழக்கமாக அனுப்பும் குழம்பை ஒரு வாரம் அனுப்பாமல் பதில் கொடுத்தேன். நோட்டை மட்டும் ஒழுங்காக எழுதினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பக்கம். மூன்று, மூன்று, மூன்று. அந்தப் பக்கங்களைப் பார்க்க ஜெபமாலை மணி மாதிரி இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். படகுக்கு எண்ணெய் ஊற்றும்போது தூசும் தண்ணீரும் போகாமல் துணியில் வடிகட்டுவது நம் கடற்கரையில் எல்லோருக்கும் பழக்கம். லூர்து தம்பி அதையே இங்கேயும் செய்யச் சொன்னார். என்னிடம், "எக்கா, பழைய வேட்டித் துணி ஒண்ணு தாங்க. துவைச்சுத் துவைச்சு நைஞ்சதா இருக்கணும். புதுசு வேண்டாம்" என்று சொன்னார். நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் என் பேத்தி பறக்கிற விமானத்துக்குக் கந்தல் துணியா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைக்குப் போய், பச்சைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிற மெத்தென்ற ஃபிளானல் துணி, இளம் ரோஜா நிறத்தில், ஒரு மீட்டர் வாங்கினேன். புனலுக்குள் பொருந்துகிற மாதிரி பையாகத் தைத்தேன். விளிம்பில் நாடா கூட வைத்தேன். லூர்து தம்பிக்குப் பட்டறையில் வேலை அதிகமாக இருந்த வாரம் அது. ஸ்டீபன்தான் அந்தப் பையை வைத்துப் பெட்ரோல் ஊற்றினார். "சூப்பரா தச்சிருக்கிய அத்தை" என்றும் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ஓட்டம் நடந்தது. ஞாயிறு காலையில் ஷரோன் முதல் தடவை பறப்பதாக ஏற்பாடு. பரிசோதிக்கிறவர்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஸ்டீபன் லீவு சொல்லி, ஆசீர்வதிக்கச் சாமியாரைக் கூப்பிட்டு, கேக்குக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார். பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். பத்து நிமிடம் வரை மூன்று. பதினொன்றாவது நிமிடம் முள் சட்டென்று இரண்டுக்கு இறங்கி, நான் கண்ணைச் சிமிட்டுவதற்குள் மூன்றுக்கு ஏறியது. எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்னத் தடுக்கல் கேட்டதா என்று கேட்டால், ஹெட்செட்டுக்குள் எனக்குத் தெரியவில்லை. மேலே ஸ்கிரீனைப் பார்த்தேன். பச்சையில் 2.9 என்று எரிந்தது. ஸ்டீபன் அதைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். பதிமூன்றாவது நிமிடம் மறுபடியும் அதே மாதிரி ஆடியது.

எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. வெயில் கண்ணாடியில் பட்டு மின்னியிருக்கும் என்று நினைத்தேன். படித்தவர்கள் செய்த ஸ்கிரீன் சரி என்கிறது, நான் என்னத்தைக் கண்டேன் என்றும் நினைத்தேன். கேக், சாமியார், மருமகனின் சிரித்த முகம் எல்லாம் கண் முன் வந்தது. பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நேரே மூன்று என்றே எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஷரோன் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பார்த்தேன். விரலில் கிரீஸ் கறை, நகம் வெட்டியிருந்தாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே போனது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பார்க்கிங்கில் லூர்து தம்பி யாருடைய பழைய வேனுக்குள்ளோ தலையை விட்டிருந்தார்.

"முடிஞ்சிட்டா எக்கா?"

"முடியல. தம்பி, நான் நோட்டுல பொய் எழுதிட்டேன்."

அவர் நிமிர்ந்து கையைத் துடைத்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"எத்தனாவது நிமிஷம்?" என்றார்.

"பதினொண்ணு."

"எவ்வளவு எறங்கிச்சு?"

"ரெண்டுக்கு. ஒடனே ஏறிட்டு. பதிமூணுல இன்னொரு தடவ."

"வெயிலு முன்னால இருந்து அடிச்சுதா, முதுகுப் பக்கமா?"

"முன்னால இருந்து."

"அப்போ மீட்டர் கண்ணாடில பட்டு மின்னியிருக்காது" என்று சொல்லி வேனின் பானெட்டை மூடினார். நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. வீட்டில் பெரியவர்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார், விசா ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் என்று எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதை நடந்ததாகவே எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

பூசை முடிந்து ஸ்டீபன் வெளியே வந்ததும் லூர்து தம்பி அங்கேயே சொன்னார். "நாளைக்குப் பிள்ள பறக்க வேண்டாம். கட்டிப் போட்டு ஓட்டிப் பாப்போம்."

"என்னண்ணே வெளையாடுதியளா? நோட்டுல எல்லாம் மூணுதான இருக்கு?"

"ரெண்டு எடத்துல மூணு இல்ல ஸ்டீபன். நான் மாத்தி எழுதிட்டேன்" என்று நான் சொன்னேன்.

மருமகன் என்னிடம் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்று உயர்த்தினார். "அத்தை, நீங்க கண்ணு ஆபரேஷன் செஞ்சவங்க. ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. நாளைக்கு முப்பது பேரு வாராங்க. என் லீவு முடியப் போகுது."

ஷரோன் குறுக்கே வந்தாள். "டாடி, ஸ்டாப். யார் உள்ள உக்காரப் போறா? நான்தானே. ஆச்சி பாத்தேன்னு சொல்றாங்க. நான் போகல. கலாஸ், அவ்ளோதான்."

ஞாயிறு காலை உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். ஏதோ செக்கிங் பாக்கி என்று சொல்லி விமானத்தைக் கட்டிப் போட்டு ஓட்டியதைப் பார்த்தீர்கள். பதினைந்து நிமிடம், பிறகு இருபது நிமிடம். முள் மூன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நீங்கள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். ஸ்டீபன் என் பக்கமே திரும்பவில்லை. எனக்குத் தரையில் புதைந்துபோகலாம் போல இருந்தது. "தம்பி, என் கண்ணுதான் போலிருக்கு. விட்டிருங்க" என்றேன்.

"வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு ஓட்டுனோம்?" என்றார் லூர்து தம்பி.

"ஒரு மணி இருக்கும்."

"இப்போ எட்டு. பெட்ரோல் இன்னும் குளுமையா கெடக்கு. எதச் சோதிக்கணுமோ அது வேற நேரத்துல வந்துச்சு, நாம வேற நேரத்துல தேடுதோம்." ஷெட்டின் நிழலில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டார். ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். ஸ்டீபன் போனைப் பார்ப்பதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார்.

ஒரு மணிக்கு விமானத்தின் உலோகம் தொட்டால் சுட்டது. ஓட்டினார்கள். இந்தத் தடவை வலது சீட்டில் என்னை ஏற்றிவிட்டு, லூர்து தம்பி கதவோரம் படியில் நின்று உள்ளே குனிந்து பார்த்தார். சிலிண்டரை ஷரோன் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது நிமிடம் முள் விழுந்தது. இரண்டு. ஏறியது. மறுபடி விழுந்தது, இந்தத் தடவை ஒன்றரை. எஞ்சின் ஒரு தடவை இருமியதை நான் சீட்டில் உணர்ந்தேன். ஸ்கிரீனில் 2.7 என்று இன்னும் பச்சையாகவே எரிந்தது. ஸ்டீபன் எஞ்சினை அணைத்தார். காற்றாடி நின்ற பிறகும் அவர் கை ஸ்விட்சிலேயே இருந்தது. ஓடுபாதையின் முடிவில் கடல். புறப்பட்டு ஒன்பது நிமிடத்தில் ஷரோன் அதன் மேல்தான் இருந்திருப்பாள்.

பம்புக்குப் பிறகு இருக்கிற பில்டரைக் கழற்றினார்கள், சுத்தமாக இருந்தது. பம்பும் நன்றாகத் தள்ளியது. ஸ்டீபன், அப்படியானால் வயரில் ஏதோ கோளாறு என்றார். லூர்து தம்பி டாங்கியைக் காலி செய்யச் சொன்னார். டாங்கியின் வாயில், பம்புக்கு முன்னால், விரல் நீளத்துக்கு ஒரு கம்பி வலை இருக்கிறது. அது பெரிய கண் வலை, அதில் எதுவும் அடைக்காது என்று ஸ்டீபன் சாதித்தார். கழற்றி வெளியே எடுத்தபோது அந்த வலை முழுக்க இளம் ரோஜா நிறத்தில் பஞ்சு மாதிரி படிந்திருந்தது. புதுத் துணியின் இழை. ஊற்றிய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பம்ப் உறிஞ்சுகிற இழுப்பில் அது வலையோடு ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் தளர்ந்து மிதக்கும். பெட்ரோல் குளிர்ச்சியாக இருக்கும்வரை பம்ப் எப்படியோ சமாளித்தது. திரும்பி வருகிற சூட்டில் டாங்கியும் சூடானதும் அடைப்புக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்புக்குள் பெட்ரோலுக்குப் பதில் குமிழி போயிருக்கிறது. இது லூர்து தம்பி விளக்கியது. எனக்கு அப்போது எதுவும் காதில் ஏறவில்லை. அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டீபனுக்கும் நிறம் தெரிந்துவிட்டது. ஆனால் கோபம் துணியில் வடிகட்டச் சொன்னவர் மேல் போனது. "அண்ணே, இது என்ன மீன்பிடிப் படகா? துணில வடிக்கச் சொன்னது நீங்கதான? எம் பிள்ள செத்திருப்பாளே."

லூர்து தம்பி என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் பழைய துணி கேட்டதும், புதுசு வேண்டாம் என்று சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். "ஆமா. நான்தான் சொன்னேன். படகுப் புத்தி. தப்புதான்" என்றார். ஸ்பேனரை எறிகிற அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வலையைப் பெட்ரோலில் கழுவினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை.

பிற்பாடு அவர் டிபன் கேரியரைத் திருப்பித் தர வந்தபோது (மூடி இல்லாமல், வழக்கம்போல) வாசலிலேயே கேட்டேன். "ஏன் தம்பி சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நான் வந்து துணியத் தொட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. அதுவும் தப்புதான். முள்ளப் பாத்தது நீங்க. அதச் சொல்லுங்க முதல்ல." பிறகு நோட்டை எடுத்துவரச் சொன்னார். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கப் போனேன். "கிழிக்காதிய. மூணுக்கு மேல ஒரு கோடு போடுங்க, அடில இருக்கது தெரியணும். பக்கத்துல ரெண்டுன்னு எழுதி ஒங்க பேரப் போடுங்க." எழுதினேன். அதுவரை நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் யாரோ விரலை வைத்துக் காட்டிய இடத்தில்தான்.

இரண்டு வாரம் கழித்து ஷரோன் பறந்தாள். பெட்ரோல் வடிகட்ட ஸ்டீபன் அதற்கென்றே விற்கிற புனல் வாங்கிவிட்டார். விமானம் தரையை விட்ட நேரத்தில் எல்லோரும் மேலே பார்த்தோம், மகள் அழுதாள், நானும் அழுதேன். லூர்து தம்பி மட்டும் மேலே பார்க்கவில்லை, கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு நிமிடம் ஆன பிறகுதான் தலையைத் தூக்கி, "எங்க நிக்கா பிள்ள?" என்று வானத்தில் தேடினார். கீழே இறங்கி வந்த ஷரோன் அவரைக் கட்டிப்பிடித்து, "அங்கிள், மூணு. ஃபுல் டைம் மூணு" என்றாள். "மூணுன்னா சரி" என்று சொல்லிவிட்டு, டாங்கியின் அடியில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்விட்டார். அடுத்த மாதம் சலாலாவில் நல்ல வேலை என்று கிளம்பினார்.

அவர் இறந்த செய்தி வந்த நான்காம் நாள், உடலை ஊருக்கு அனுப்பிய பிறகு, சாயங்காலம் டீ குடிக்கும்போது வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் பழைய வேட்டிதான் கேட்டார், புதுசு வேண்டாம் என்றார், நான்தான் ஃபிளானல் வாங்கித் தைத்தேன், அவர் திட்டு வாங்கியபோது சும்மா நின்றேன் என்று சொன்னேன். ஸ்டீபன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அன்று அவர் சொன்ன வார்த்தைகளுக்கு மன்னிப்புக் கேட்க இனி லூர்து தம்பி இல்லை. அதற்கும் நான்தான் காரணம்.

ஷரோன்தான் பேசினாள். "ஆச்சி, எத்தனை பை தச்சீங்க?"

"ரெண்டு."

"ஒண்ணு டாடி தூக்கிப் போட்டாங்க. இன்னொண்ணு?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ஷெட்டுல, கேன் வைக்கிற அலமாரி, கீழ்த் தட்டு."

அவள் எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

"இப்பவா மக்ளே? டீ ஆறுதே."

"பக்கத்து ஷெட்காரங்க எல்லாம் அந்த அலமாரிலதான் புனல் எடுப்பாங்க ஆச்சி. நாளைக்குக் காலைல யாராச்சும் ஃபுயல் போடுவாங்க."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் குரலில் என் மேல் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அலமாரி நினைவுக்கு வந்திருக்காது. லூர்து தம்பி எங்கள் வீட்டில் விட்டுப்போனது அதுதான் என்று அப்போது புரிந்தது. தப்பு செய்தேன் என்று ஒருவர் வந்து நின்றால், முதலில் எங்கே, எப்போது, எத்தனை என்று கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் தலையில் ஏற்றிக்கொண்ட அந்தத் துணியை இங்கே, அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும், என் பேருக்கு மாற்றி எழுதுகிறேன்.